தட்டு மாறிய வெள்ளிக்கிழமை

மருத்துவத் துறைக்கு என்னால் ஆன தொண்டு ஒன்றே ஒன்றுதான். அதன் முன்னிலையில் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறேன். அதனால்தான் தாராவியில் ஒரு நர்ஸ் உருவானாள் என்று என் மனைவி, கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லி வருகிறாள். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. சம்பவம் நடந்தபோது எனக்கு நினைவு இல்லை.

நான் மும்பையில் மாட்டுங்காவாசி. பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே குமாஸ்தாவாகி, குமாஸ்தாக்களைப் பெற்ற குடும்பம் எங்களுடையது. நானும் வங்கியில்தான் இருக்கிறேன். எங்கள் பகுதித் தமிழ் மன்றத்துக்கு ஒரு சிறு பத்திரிகை உண்டு. அதில் நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அதை வாசிப்பவர்கள் அதில் எழுதுபவர்கள் மட்டுமே என்பதால், ஒருவர் எழுதியதற்கு மற்றவர் முறை வைத்துச் சிரிப்பது வழக்கம்.

மன்றத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அணுசக்தி நகரில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது செம்பூரில் குடியிருப்பவர். செம்பூர் சார் என்றே எல்லோரும் சொல்வோம். ஓய்வு பெற்றவர்களுக்கு யோசனைகள் வரும். அவருக்கு வந்த யோசனை, தாராவியில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை மருத்துவத் துறைக்குள் கொண்டுவருவது.

“நம்மளவா எல்லாரும் பேங்க்கும் ரயில்வேயும்னு இருந்துட்டா. அந்தக் குழந்தைகளாவது டாக்டராகட்டும்” என்றார்.

தாராவிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தோல் பட்டறை, தையல் பட்டறை, முறுக்கு வியாபாரம், மாநகராட்சித் துப்புரவு என்று வேலை பார்ப்பவர்கள். ‘நம்மளவா’ என்று அவர் யாரைச் சேர்த்துக்கொண்டார் என்பது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். மன்றத்தில் தலையாட்டுவதுதான் என் பதவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் ஏற்பாடானது. செம்பூரிலிருந்து ஒரு பெரிய இருதய டாக்டர் வந்து பேசுவதாக இருந்தது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சமோசாவும் வந்துவிட்டது. டாக்டர் வரவில்லை. யாருடைய இருதயமோ அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்கவில்லை என்று போன் வந்தது. செம்பூர் சார் என்னைப் பார்த்தார். நான் சமோசாவைப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்தார்.

சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவண்டியில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. எங்கள் வயதுக்குக் கொஞ்சம் கீழே. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வார்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். அவரை நாங்கள் பேசக் கூப்பிடவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினைக் கொண்டுவரத்தான் கூப்பிட்டிருந்தோம். இப்படிக் கூப்பிட்டதற்காக அவர் எங்களை இன்று வரை மன்னித்துக்கொண்டே இருக்கிறார். வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்தி மன்னிப்பார்.

“நான் பேசட்டா சார்?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“ஏ பிள்ளைகளா, ஆஸ்பத்திரிக்குள்ள போனா டாக்டரைத் தவிர யாரு யாரு இருப்பாவ? சொல்லுங்க பாப்போம்.”

“பேஷண்ட்!” என்றது ஒரு குரல்.

“வாட்ச்மேன்! உள்ளயே விட மாட்டான்.”

“கேண்டீன்காரன்!”

ஹால் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார்.

“சரி. ரத்தம் எடுக்கது யாரு? எடுத்த ரத்தத்தை மிஷின்ல வச்சு என்ன வியாதின்னு பாக்கது யாரு? எக்ஸ்ரே யாரு எடுக்கா? கிட்னி கெட்டுப்போனவனுக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி ஏத்துறது யாரு? கால் ஒடஞ்சவனை மறுபடி நடக்க வைக்கது யாரு? டாக்டர் காலைல ரவுண்ட்ஸ் வருவாரு, போவாரு. பாக்கி நேரம் பூரா பேஷண்ட்டோட யாரு இருக்கா?”

பதிலையும் அவரே சொன்னார். “இதுக்கெல்லாம் தனித்தனியாப் படிப்பு இருக்கு. எல்லாத்துக்கும் ஆள் பத்தல” என்றார். ஒவ்வொன்றையும் தமிழில் பாதி, இந்தியில் பாதியாக விளக்கினார். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். ஆனால் யோசிப்பதும் சண்டை போடுவதும் இந்தியில்தான். செம்பூர் சார் என் காதில், “டாக்டராகணும்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுமேன்” என்றார். சிஸ்டருக்குக் கேட்டுவிட்டது. “ஆகட்டும் சார், யாரு வேண்டாம்னா? ஆனா எல்லாரும் டாக்டராயிட்டா உங்களுக்கு யாரு ஊசி போடுவா?” என்றார். சார் சமோசாவை எடுத்துக்கொண்டார்.

மயக்கம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் காட்டினார். படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், சட்டைப் பொத்தானைத் தளர்த்த வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும். அடுத்து, விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதைக் காட்ட ஆள் தேவைப்பட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வீரம் வந்தது. இந்த வயதில் ஆண்களுக்கு வரும் வீரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் முடிகிறது. என்னுடையது ஆஸ்பத்திரி ஆள் முன்னாலேயே முடிந்தது. விரலை நீட்டினேன். ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது கூரையில் சுற்றும் காற்றாடி.

என் கால்கள் ஒரு நாற்காலியின் மேல் இருந்தன. சட்டையின் மேல்பொத்தான் திறந்திருந்தது. என் தலைமாட்டில் ஒரு பெண் மண்டியிட்டுக்கொண்டு கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஹவா ஆனே தோ! காத்து வரட்டும், தள்ளுங்கடா, சர்க்கஸா நடக்குது?” பிறகு என்னிடம் குனிந்து, “அங்கிள், ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. ஒரு சொட்டுதான்” என்றாள்.

அந்த ‘ஒரு சொட்டுதான்’ எனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டதா, அவமானமாகச் சொல்லப்பட்டதா என்று இன்று வரை கேட்கவில்லை. சிஸ்டர் ஓரமாக நின்று கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அந்த ஹாலில் ஒழுங்காகக் கேட்டவள் இவள் ஒருத்திதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் சிஸ்டரிடம் திரும்பிக் கேட்டாள்:

“இதுக்கா படிப்பு இருக்குன்னு சொன்னீங்க?”

*

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே ஹாலில் வகுப்பு நடந்தது. விருப்பமுள்ள பிள்ளைகளை நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்தோம். செம்பூர் சார் இயற்பியலும் வேதியியலும் எடுத்தார். சிஸ்டர் உயிரியல். எனக்கு ஆங்கிலம். “ரத்தம் வராத பாடம் அது ஒண்ணுதான் சார்” என்று சிஸ்டர் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஒருவன் லேப் பக்கம் போனான். ஒருத்தி எக்ஸ்ரே படிப்புக்குப் போனாள். என்னைத் தூக்கி நிறுத்திய பெண், ஆரம்பத்திலிருந்தே நர்சிங் என்பதில் அசையவில்லை. அப்பா தோல் பட்டறையில் பை தைப்பவர், அம்மா சந்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர். வீடே முறுக்கு வாசம் அடிக்கும் என்று அவள் சலித்துக்கொள்வாள். அவள் பையைத் திறந்தாலே எங்களுக்குப் பசிக்கும். அவளுக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது. அதனால் என் கட்டுரை எதையும் படித்ததில்லை. என்னை அவள் இன்று வரை மதிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்வு எழுதினாள். ஓர் அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல் உண்டு. செம்பூர் சார் எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார். அவள் மட்டும் சாப்பிடவில்லை.

“மம்மி மான் நஹீ ரஹீ ஹை அங்கிள்” என்றாள். அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறாராம்.

காரணம் ஊரில் இருந்தது. அம்மாவின் அண்ணன். அவருக்கு ஒரு மகன். முறைப்படி இவளைக் கட்ட வேண்டியவன் என்று குழந்தையிலிருந்தே பேச்சு. ராத்திரி டூட்டி பார்க்கிற பெண், கண்ட ஆம்பிளை உடம்பைத் தொட்டுத் துடைக்கிற பெண் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது என்று அந்தத் தாய்மாமன் போனில் சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு அண்ணன் சொல் தட்டிப் பழக்கமில்லை. அப்பா நல்ல மனிதர். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் கருத்து என்னவென்று தெரிந்துகொள்வார். சேருவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தாண்டினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

“நாங்க வந்து அம்மாகிட்ட பேசறோம்” என்றார் செம்பூர் சார். அவள் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது. உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது.

“ஆடியில நல்ல காரியம் பேசப் போகப்படாது ஓய். முடியட்டும்” என்றார் சார். வாழ்நாள் முழுக்க அணுவைப் பிளப்பது பற்றிக் கூட்டம் போட்ட மனிதர். பஞ்சாங்கத்தைப் பிளக்க மட்டும் மனம் வரவில்லை. ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று அவரே நாள் குறித்தார்.

*

வெள்ளிக்கிழமை. சிஸ்டர் டூட்டி முடிந்து நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். என் மனைவியும் வருகிறேன் என்றாள். “ஒரு தாயார்கிட்ட பேசறதுக்கு ரெண்டு ஆம்பளைகள் போய் என்ன பண்ணுவேள்?” என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. அவள் ஆபீஸில் யாருக்கோ பிரிவுபசார விழா. பட்டுப்புடவையோடு வந்தாள். செம்பூர் சார் கோயிலுக்குப் போய்விட்டு ஜரிகை வேட்டியில் வந்தார். நான் பாண்ட் சட்டைதான். ஆனால் நெற்றியில் சார் கொண்டுவந்த குங்குமம்.

“வெறும் கையோட எப்படிப் போறது?” என்றாள் மனைவி. மாட்டுங்கா கடைத்தெருவில் ஆப்பிளும் மாதுளையும் வாழைப்பழமும் வாங்கினாள். மல்லிகைப்பூ ஒரு பந்து. “வெத்தலை பாக்கு இல்லாம பழம் குடுத்தா நன்னாவா இருக்கும்?” அதுவும் வாங்கியாயிற்று. பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வந்தது.

பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, ஆவணி, வெள்ளிக்கிழமை, பூ, பழம், வெற்றிலை, தாம்பாளம். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பட்டங்கள் நிறைய இருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சந்து குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். என் மனைவி தட்டைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இருபக்கமும் வாசற்படிகளில் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். குழாயடியில் பேச்சு நின்றது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று சார் நெகிழ்ந்துபோனார்.

“வாங்க வாங்க, இரிங்க” என்று அந்த அம்மா வரவேற்றார். முறுக்குச் சட்டியை இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், தட்டைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்தார். நாங்கள் படிப்பு விஷயமாக வருகிறோம் என்று பெண் சொல்லியிருந்தாள். ஆகவே அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் வீட்டுக்குக் கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கண்கள் திறந்திருந்தன.

பெரியவர்கள் வருகிறார்கள் என்று அம்மா பெண்ணுக்குச் சேலை கட்டிவிட்டிருந்தார். அந்தச் சேலையில் அவள் டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுவர வேண்டுமே என்ற கவலையில் தலையைக் குனிந்தபடி வந்தாள். சார் ஹாஸ்டலை மனதில் வைத்து, கணீரென்று கேட்டார்:

“ஏம்மா, அம்மா அப்பாவை விட்டுட்டுத் தனியா இருந்துடுவியா? அழ மாட்டியே? கொஞ்சம் சமைக்கத் தெரியுமோ?”

எதிர் வீட்டில் யாரோ “அய்யோ” என்று மகிழ்ச்சியோடு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கேட்டும் புரியவில்லை.

அம்மா எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டார். “இவ படிப்புக்கு நீங்க பாடுபட்டது எனக்குத் தெரியும் சார். நான் நன்றி கெட்டவ இல்ல. ஆனா எங்க அண்ணம்ட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் எதுவும் செஞ்சதில்ல. அவரு வேண்டாங்காரு. நான் என்ன செய்யட்டும்?” என்றார். கண் கலங்கியிருந்தது. மேலே பேச எங்களுக்குத் தெம்பில்லை. எழுந்தோம்.

வந்தவர்களின் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது எந்தத் தமிழ் வீட்டிலும் இல்லை. அந்த அம்மா பழங்களை எடுத்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கும், ஒரு தேங்காயும், காகிதத்தில் சுற்றிய முறுக்கும் வைத்து, என் மனைவியின் நெற்றியில் குங்குமமிட்டு வாசலில் நின்று கொடுத்தார். மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இதைச் சந்தே பார்த்தது.

சந்து முனையில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல எடம் அண்ணாச்சி. தங்கமான பிள்ள. கல்யாணம் இங்கயா, ஊர்லயா?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்றேன். மன்றத்துப் பழக்கம்.

அந்த நேரத்தில் சிஸ்டர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். என் மனைவியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். சாரின் வேட்டியைப் பார்த்தார்.

“தட்டோடயா போனிய?”

“ஆமாம்.”

“அவிய திருப்பி வச்சுக் குடுத்தாவளா?”

“ஆமாம், பாருங்கோ, தேங்காய்கூட” என்றாள் மனைவி.

சிஸ்டர் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துச் சார் தண்ணீர் வாங்க ஓடினார். சிரிப்பு அடங்கியதும் சிஸ்டர் சொன்னார்: “தட்டு மாத்திட்டு வந்திருக்கிய சார். அந்தப் பிள்ளைக்கு நிச்சயம் ஆயிட்டுது. மாட்டுங்கா மாப்பிள்ளை.” பிறகு அவர் முகம் மாறியது. “இந்நேரம் அவ மாமனுக்குப் போன் போயிருக்கும்.”

எங்களுக்கு மகனே கிடையாது என்று என் மனைவி முனகினாள். அந்தத் தகவல் அப்போது யாருக்கும் உதவவில்லை.

*

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் போன். “அங்கிள், மாமா பாகல் ஹோ கயா. வீட்டுக்கு வாங்க ப்ளீஸ்.” மாமாவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டதாம். அவள் குரலில் அழுகை இருந்தது. அந்தத் தாம்பாளத்தால் அவள் படிப்பே போய்விடப் போகிறது என்று பயந்து, சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. கைகளைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தாராவி வரை அதற்குப் போன் தேவையா என்று தோன்றும் குரல்.

“தாய்மாமன் ஒருத்தன் உசிரோட இருக்கேன்! எனக்குத் தெரியாம தட்டு மாத்திப்புட்டியேளா!”

“தட்டும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. படிப்பு விசயமால்லா வந்தாவ.”

“படிப்பு விசயத்துக்கு வெத்தல பாக்கு எதுக்குளா?”

நியாயமான கேள்வி. அம்மா என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

“அவிய வழக்கம் அது. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொண்டாந்தாவ.”

“யாருகிட்ட கத விடுத? அய்யமாரு வீட்டு ஆளுவ சேலை வேட்டியோட வந்து, சமைக்கத் தெரியுமான்னு கேட்டுட்டுப் போயிருக்காவ. ஊரே கேக்கு. பம்பாய்க்குப் போயி பிள்ளய வளத்த லெச்சணம் இதுதானா? நீ பொய் சொல்லுத, ஒம் பிள்ள என்ன செய்தாளோ, யாரு கண்டா?”

சுவரோரமாக நின்ற பெண் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். அப்பாவும் அம்மாவைத்தான் பார்த்தார். ஆனால் வழக்கம் போல் அல்ல. முதல் தடவையாக அவர் வாயைத் திறந்து, தன் மனைவியிடம், “நீ பேசு” என்றார்.

“அண்ணே, நான் பேசுதேன், நீ கேளு” என்றார் அம்மா. குரல் உயரவில்லை. “எம் பிள்ளய இந்தச் சந்துல வச்சு நான் வளத்தேன். அடுப்புப் பக்கத்துல உக்காந்து படிச்சவ அவ. பொய் சொல்லிப் பழக்கம் எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. ஒனக்கு ஒரு வார்த்தை கேக்காம எதுவும் செய்ததில்ல. கேட்டுக் கேட்டுச் செய்தவளைத்தான் நீ பொய்க்காரிங்க. சரி. அவளுக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. சேக்கப் போறேன். நீ தாய்மாமன். வந்து வாழ்த்துனா சந்தோசம். சண்டைக்குன்னா வராத.”

போனை வைத்துவிட்டார். எங்களுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்.

“சிஸ்டர், நெசமாச் சொல்லுங்க. ஆம்பிள ஒடம்ப எல்லாம் தொடணுமாமே?”

“தொடணும்” என்றார் சிஸ்டர். “நான் வருசக்கணக்கா தொடுதேன். வெளிய மீசைய முறுக்கிக்கிட்டு நடக்கவன் எல்லாம் அங்க வந்து படுத்தா ‘சிஸ்டர், சிஸ்டர்’னு சின்னப் பிள்ள மாதிரி கைய விட மாட்டான். ஒங்க அண்ணனும் வந்து படுத்தா அப்படித்தான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: “சேர என்னைக்குக் கடைசி நாள்?”

திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது: “சார், இனிமே எந்தப் பிள்ள வீட்டுக்குப் போனாலும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டுப் போங்க. போதும்.” மன்றம் இன்று வரை இதைக் கடைப்பிடிக்கிறது. எங்கள் தீர்மானங்களில் நிறைவேறியது இது ஒன்றுதான்.

*

தாய்மாமன் பல மாதம் பேசவில்லை. அம்மா முறுக்கு பிழிந்தபடியே அடிக்கடி போனைப் பார்ப்பாராம். அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் படிக்கப் போனதற்கு அந்த அம்மா கொடுத்த விலை அது. எங்கள் தட்டில் அதை ஈடுகட்டும் பொருள் எதுவும் இருந்ததில்லை.

நர்சிங் கல்லூரியில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழா ஒன்று உண்டு. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் கையில் விளக்கோடு வரிசையாக வருவார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். விழா தொடங்கும் முன் வாசலில் சலசலப்பு. வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர், ரயில் கசங்கலோடு, காவலாளியிடம் திருநெல்வேலித் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார். காவலாளி மராத்தியில் வாதாடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டதாகப் பட்டது. மனிதரின் கையில் ஒரு தாம்பாளம். அதில் சேலை, பூ, பழம், வெற்றிலை பாக்கு.

“தாய்மாமன் சீர் இல்லாம எம் மருமவ வெளக்கு ஏத்துவாளா?” என்றார் உள்ளே வந்ததும், யாரையும் பார்க்காமல்.

அவருடைய மகனுக்குத் தென்காசிப் பக்கம் பெண் பார்த்தாயிற்றாம். அதைச் சொல்லும்போதும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா, “வாண்ணே” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழா முழுக்க அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என் மனைவியிடம், “இதக் கொஞ்சம் பிடிங்கம்மா, செருப்பு மாட்டிக்கிடுதேன்” என்று தட்டை நீட்டினார். மனைவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். செம்பூர் சாரும் கட்டிக்கொண்டார். நானும்தான்.

அவள் இப்போது மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆண்டுக்கொரு கூட்டமும் உண்டு. இருதய டாக்டர்களை நாங்கள் இப்போது கூப்பிடுவதில்லை. போன மாதம் நடந்த கூட்டத்தில் சிஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ள, அவளே பேசினாள். விரலில் குத்திக் காட்ட ஆள் கேட்டாள். பிள்ளைகள் தயங்கினார்கள். நான் எழுந்தேன்.

“அங்கிள், பெஹ்லே லேட் ஜாவோ” என்றாள். முதலில் படுத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டார்கள். படுத்தேன். மேலே அதே காற்றாடி.

விரலைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். அதனால் அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தும் நேரத்திலும் அவளுடைய பார்வை பாதி என் விரலில், பாதி என் முகத்தில் இருந்தது. என் கண் சொருகுகிறதா, உதடு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை. அவர்களில் சிலர் வங்கித் தணிக்கையாளர்கள்.

“முடிஞ்சுது அங்கிள். எழுந்திரிக்காதீங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க” என்று என் தோளில் கைவைத்தாள்.

நான் மயங்கவில்லை. ஆனாலும் சொன்னபடி அப்படியே இருந்தேன்.